துப்பாக்கிக் கடையில் கேஸ் டிரபிள்

துப்பாக்கி விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் கற்றுத் தருவது, வந்தவரைத் துப்பாக்கி இல்லாமல் திருப்பி அனுப்புவது எப்படி என்பதைத்தான். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கியவர்களே, உங்கள் ஜவுளிக்கடையிலும் மளிகைக்கடையிலும் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் முதலாளி முறைப்பார். என் கடையில் அதற்குத்தான் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

நான் கீழக்கரைக்காரன். இரண்டாயிரங்களின் ஆரம்பத்தில் துபாய்ப் பக்கம் புஜைராவில் ஒரு வேட்டைச் சாமான் கடைக்கு சேல்ஸ்மேனாகப் போனேன். முன்பக்கம் கூடாரம், டார்ச் லைட், தூண்டில், ராஜாளிக்கு மாட்டும் தோல் தொப்பி. பின்பக்கம் இரும்பு அலமாரியில் வேட்டைத் துப்பாக்கிகள். அதுவரை நான் தொட்ட ஒரே துப்பாக்கி, சந்தனக்கூடு விழாவில் பலூன் சுடுகிற துப்பாக்கி. அதிலும் பலூனுக்கு ஒன்றும் ஆனதில்லை.

கடையில் நாங்கள் மூன்று பேர். அர்பாப் என்று நாங்கள் கூப்பிட்ட முதலாளி, உள்ளூர் அரபி, என்னைவிட ஐந்து வயது இளையவர். துப்பாக்கி ரிப்பேர் பார்த்த ரஹீம் பாய் பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர், என் வயதுக்காரர். மூன்றாவது நான். அலமாரிச் சாவி என் இடுப்பில் தொங்கும். அவர்கள் பேசியதெல்லாம் அரபியும் கடை இந்தியும் கலந்தது. இங்கே என் வசதிக்காக எல்லோரையும் தமிழ் பேச வைத்திருக்கிறேன், மன்னிக்கவும்.

ஒரு வருஷம் அந்தச் சாவி என் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. நான் தப்பித்தேன். தப்பிக்க வைத்தவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியாததால் இதை எழுதுகிறேன்.

காவா குடிக்காதவர்

எங்கள் கடையில் துப்பாக்கி உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான். போலீஸ் கொடுத்த அனுமதித்தாள் வேண்டும். தாள் சரியாக இருந்தாலும் அதற்கு மேல் அர்பாப் ஒரு சட்டம் வைத்திருந்தார்: வந்தவர் உட்கார்ந்து காவா குடிக்க வேண்டும். காவா என்பது பாலும் சர்க்கரையும் இல்லாத, ஏலக்காய் போட்ட அரபிக் காப்பி. போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டும் வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றுவது நான். கோப்பை பிடித்த கை நடுங்குகிறதா என்று பார்ப்பது அர்பாப்.

ஒருநாள் பேரீச்சந்தோட்டக்காரர் ஒருவர் போனில் கத்திக்கொண்டே உள்ளே வந்தார். தம்பியோடு தண்ணீர்ப் பங்கில் தகராறு. தாளைக் கவுண்டரில் அடித்து வைத்தார், காவாவைத் தள்ளிவிட்டார். அர்பாப் என்னைப் பார்த்தார். நான் சட்டைப்பை, பேன்ட் பை, மேசை டிராயர் எல்லாவற்றிலும் சாவியைத் தேடினேன். அது என் இடுப்பில் தொங்குவது தெருவுக்கே தெரியும். "சாவியை ரூமில் விட்டுட்டு வந்துட்டான். புக்ரா வாங்க, நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் அர்பாப். தோட்டக்காரர் என்னை "மலபாரிக் கழுதை" என்று திட்டிவிட்டுப் போனார். கழுதை பரவாயில்லை, கீழக்கரைத் தமிழனை மலபாரி என்றதுதான் எனக்கு உறைத்தது.

பத்து நாள் கழித்து அதே ஆள் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் உட்கார்ந்து காவா குடித்தார்கள். கூடாரம் ஒன்று மட்டும் வாங்கினார்கள். போகும்போது அண்ணன்காரர் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "அன்னைக்கு நீ சாவியை மறந்ததுக்கு அல்லாஹ் உனக்கு நல்லது செய்யட்டும். இனிமேலும் அடிக்கடி மற."

டிவியில் வந்த ஆள்

தூர தேசம் ஒன்றில் ஒருவன் துப்பாக்கியோடு கூட்டத்துக்குள் புகுந்துவிட்டான் என்று கடை டிவியில் செய்தி ஓடியது. அன்றைக்கு வியாபாரமே நடக்கவில்லை, எல்லோரும் நீதிபதி ஆகிவிட்டார்கள். "பைத்தியம், வேறென்ன? இந்த மாதிரி ஆட்களைப் பிடித்துக் கட்டிப் போட வேண்டும்" என்றார் ஒரு வாடிக்கையாளர். "கடையில் மிட்டாய் மாதிரி விற்றால் வேறென்ன நடக்கும்?" என்றார் இன்னொருவர். மிட்டாய் என்றதும் அர்பாப் முகம் சுருங்கிவிட்டது.

ரஹீம் பாய் எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஊரில் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாதாம். அவர் வாய் திறந்தால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். "எங்க ஊர்ல குண்டடிபட்டுச் செத்த எத்தனையோ பேர் மையத்துக்குத் தோள் கொடுத்திருக்கேன். சுட்டவன் எல்லாரும் நல்ல புத்தியுள்ள ஆளுங்க. கோபம் இருந்தது, கைக்கெட்டுற தூரத்துல துப்பாக்கி இருந்தது. எங்க ஊர்ல பைத்தியம்னு ஒரே ஒருத்தன்தான் இருக்கான். அவன் பஸ் ஸ்டாண்டுல நின்னு போற வர்றவங்களுக்கெல்லாம் சலாம் சொல்றான்."

இத்தாலிக் கப்பல்

ஒரு தாய், போர்வையில் சுற்றிய வேட்டைத் துப்பாக்கியோடும் மகன் பெயரில் இருந்த லைசென்ஸோடும் வந்தார். ரிப்பேர் என்றார். ரஹீம் பாய் கழற்றிப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. "என்ன ரிப்பேர் உம்மா?" என்று கேட்டதற்கு, "துப்பாக்கிக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் தரையைப் பார்த்தார். மகனுக்கு யாரோ தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்ற பயம் வந்திருக்கிறது. யாரையும் ஒரு அடி அடித்ததில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். டாக்டர் சரி என்று சொல்லும் வரை துப்பாக்கி வீட்டில் வேண்டாம், ஆனால் பிடுங்கி வைத்தார்கள் என்று மகன் நினைத்துவிடவும் கூடாது. அர்பாப் போலீஸ் ஸ்டேஷனில் போய் விஷயத்தைச் சொல்லிப் பதிந்துவிட்டு வந்தார். ரஹீம் பாய் ரசீதில் 'ஸ்பேர் வர வேண்டும்' என்று எழுதினார்.

மாதம் ஒரு தடவை அந்த மகன் வந்து கேட்பார். இத்தாலியிலிருந்து கப்பலில் வருகிறது என்று நான் சொல்வேன். புஜைராக் கடலில் எப்போதும் பத்திருபது கப்பல் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும். எங்கள் தெருமுனையிலிருந்தே தெரியும். "அதில் எது?" என்று கேட்பார். நான் ஏதோ ஒன்றைக் காட்டுவேன். மாதங்கள் போகப் போக அவர் முகம் தெளிந்தது, கொஞ்சம் சதை போட்டார். ஏழாவது மாதம் என் கையைப் பிடித்து ரகசியம் போலச் சொன்னார்: "நீங்க காட்டுற கப்பல் எண்ணெய்க் கப்பல்னு எனக்கு மூணாவது மாசமே தெரியும். அது அங்கேயே நிக்கட்டும், எனக்கு ஒரு நல்ல தூண்டில் காட்டுங்க."

கேஸ் டிரபிள்

இதையெல்லாம் கூட இருந்து பார்த்தவனுக்குத் தன் விஷயத்தில் மட்டும் புத்தி வேலை செய்யவில்லை. எனக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் காரணம் சொல்லத் தெரியாது. ஊரில் மௌத்து என்று சாவுச் செய்தி வரவில்லை, யாரோடும் சண்டை இல்லை. தூக்கம் போனது, சோறு மண் மாதிரி இருந்தது, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நம் ஆட்களுக்கு இதற்கெல்லாம் ஒரே பெயர்தான் உண்டு: கேஸ். நானும் கேஸ் என்றுதான் சொன்னேன். ரூமில் இருந்த நான்கு பேரும் வைத்தியர்கள். ஒருவர் ஓமத் தண்ணீர், ஒருவர் பூண்டுப் பால், ஒருவர் உப்புப் போட்ட சோடா. நெஞ்சில் பாறாங்கல்லை வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஏப்பம் விட்டேன். உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்று எழுதி விசாவை கேன்சல் செய்துவிடுவார்கள் என்று பயம். டிவி பார்த்தவர் சொன்ன 'கட்டிப் போட வேண்டும்' வேறு காதிலேயே இருந்தது.

அங்கெல்லாம் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நாலு மணிக்குத் திறப்பார்கள். ஒரு மத்தியானம் நான் ரூமுக்குப் போகவில்லை. துடைத்து வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். திறந்தபடியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிற்பகல் தொழுகைக்கு, அஸருக்கு, பாங்கு சொன்னபோதுதான் துணி கையிலேயே இல்லை என்பதைக் கவனித்தேன். பயம் வர வேண்டிய இடத்தில் எனக்குப் பயமே வரவில்லை. அது உறைத்ததும் கதவை அடித்துச் சாத்தினேன். பூட்டினேன். ரஹீம் பாய் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் சாவியைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன். "பாய், கொஞ்ச நாளைக்கு இது உங்ககிட்ட இருக்கட்டும். எனக்கு கேஸ் ஜாஸ்தியா இருக்கு" என்றேன்.

அவர் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டார். திறந்த ஷட்டரை மறுபடி பாதி இறக்கினார். ஸ்டூலை இழுத்து என் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார். "கேஸுக்கு சோடா குடிப்பாங்க பாய், சாவியைக் குடுக்க மாட்டாங்க. சொல்லுங்க, எத்தனை நாளா?"

டாக்டரம்மா

ரஹீம் பாய் சொல்லியிருப்பார் போல. மறுநாள் காலை அர்பாப், "யல்லா, வண்டியில் ஏறு" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. என் பாஸ்போர்ட் அவரிடம்தான் இருந்தது. ரவுண்டானாவில் வண்டி ஏர்போர்ட் பக்கம் திரும்பாமல் தாண்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி, டோக்கன் போட்டு, என் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைக் கந்தூரா அங்கி போட்ட முதலாளி, லேபர்களோடு வரிசையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் செல்போனில் பாம்பு விளையாட்டு ஆடியதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

டாக்டர் ஒரு மலையாளி அம்மா, தமிழ் நன்றாகப் பேசினார். எங்கே வேலை என்றார். துப்பாக்கிக் கடை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சாவியைக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். பிறகு, பல நாளாக என்னைக் குடைந்த கேள்வியைக் கேட்டேன்: "டாக்டர், நானும் டிவியில் வந்த ஆள் மாதிரி ஆகிவிடுவேனா?" யார்மேலாவது கோபமா என்று கேட்டார். என்மேல்தான் என்றேன். அவர் பேனாவை எடுத்தார். "அப்போ நாம காப்பாத்த வேண்டிய ஆள் நீங்கதான். சாவியைக் குடுத்தீங்களே, அது பாதி வைத்தியம். மீதிக்கு நான் மாத்திரை எழுதறேன்."

போன் கார்டு

வீட்டுக்காரியிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது. பதினைந்து திர்ஹம் போன் கார்டில் பாதி, சொல்லலாமா வேண்டாமா என்ற இழுப்பிலேயே தீர்ந்துவிட்டது. சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஊர் என்ன சொல்லும் என்று அழுகிறாள் என்று நினைத்தேன்.

"மூணு மாசமாவா மச்சான் ஒருத்தருக்கு கேஸ் இருக்கும்? நீங்க சொல்லுவீகன்னு நானும் காத்துக் கெடந்தேன். அந்த மாத்திரையை ஒரு நாள் விடாமத் தின்னுங்க. எனக்கு சம்பாதிக்கிற மச்சானைவிட இருக்கிற மச்சான்தான் வேணும்."

விசா ஸ்டாம்ப்

மாத்திரை முதல் மாதம் தூக்கத்தை மட்டும்தான் கொடுத்தது. பிறகு மெதுவாக சோற்றுக்கு ருசி வந்தது. என்னைத் தூண்டில் பக்கம் மாற்றியிருந்தார்கள். அலமாரியை ரஹீம் பாய் பார்த்துக்கொண்டார். என் வேலையையும் சேர்த்துச் செய்த மனுஷன் ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. தினமும் காலையில் கடை திறந்ததும், "இன்னைக்கு கேஸ் எப்படி?" என்பார். இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்ன நாட்களில் மத்தியானம் அவரோடு அவர் ரூமுக்குப் போக வேண்டும், ரொட்டி சாப்பிட வேண்டும், அது கடைச் சட்டம் ஆகிவிட்டது.

எனக்கு உள்ளூரப் பயம் ஒன்று மிச்சம் இருந்தது. வருஷக் கடைசியில் விசா முடிகிறது. நல்ல மனுஷர்கள்தான், ஆனால் கலாஸ், முடிந்தது, ஊருக்குப் போ என்று அப்போது சொன்னால் யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெட்டியில் பாதியைக் கட்டியே வைத்திருந்தேன். அந்த வாரம் அர்பாப் வந்து பாஸ்போர்ட்டைக் கவுண்டரில் போட்டார். புரட்டினேன். புது ஸ்டாம்ப் பளபளவென்று இருந்தது. கூடவே ரஹீம் பாயிடமிருந்து சாவியை வாங்கி அதன்மேல் வைத்தார்.

கை நீளவில்லை எனக்கு. "வேண்டாம் அர்பாப். சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மறுபடி எப்போது வரும் என்று எனக்கே தெரியாது" என்றேன். கடைக்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றதுகூட மறந்து அழுதுவிட்டேன், இந்தத் தடவை குழாயைத் திறந்துவிடாமல். அர்பாப் என் உள்ளங்கையைப் பிடித்து விரித்து அதில் சாவியை வைத்து மூடினார். "வந்தா திருப்பிக் குடு. அப்படிக் குடுக்கத் தெரிஞ்ச ஆள்கிட்டதான் இதைக் குடுக்க முடியும்."

அதற்குப் பிறகும் பல வருஷம் அங்கே இருந்தேன். துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்த நான் இன்றைக்குப் பேரன் பேத்தியோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால், வியாபாரமே செய்யத் தெரியாத இரண்டு பேரிடம் போய் மாட்டிக்கொண்டதுதான் காரணம்.