சாம்பல் மழைக்குத் தமிழில் ஓர் அறிமுகம்

"யாரோ கதவத் தட்டுறாங்க. நீ பாட்டுக்கு உக்காந்திருக்க?" என்று அம்மா கேட்டார்.

தட்டப்பட்டது எங்கள் வீட்டுக் கதவு அல்ல. கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணி நகரின் பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில், வேலைக்குப் போகாத ஒரு மத்தியானம், தொலைக்காட்சியில் நான் விளையாடிக்கொண்டிருந்த விளையாட்டுக்குள் இருந்த இரும்புக் கதவு அது. வெளியே முகத்தைத் துணியால் சுற்றிய ஒரு பெண் நின்றிருந்தாள்.

"அது கேம்மா. திறக்கக் கூடாது."

"ஏன்?"

"தண்ணி கேப்பா."

"தண்ணிதானே கேக்கறா? உன் சொத்தையா எழுதிக் கேக்கறா?"

ஏன் திறக்கக் கூடாது என்று விளக்க ஆரம்பித்தேன். அம்மா துவைத்த துணிக் கூடையோடு நாற்காலியின் பின்னால் நின்றபடி மடித்துக்கொண்டே கேட்டார். அதுவரை அந்த உலகத்தைப் பற்றி நான் தமிழில் ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை. இணையத்தில் என்னோடு விளையாடுகிறவர்களிடம் ஆங்கிலமும் மலாயும்தான். அன்று தமிழில் சொல்லச் சொல்ல, எனக்கே அது புதுக்கதை மாதிரி இருந்தது.

"மழ பட்டா செத்துருவாங்கன்னா, காயப் போட்ட துணிய எடுக்க மறந்துட்டா?"

"வெளிய துணியே காயப் போட முடியாதும்மா."

"சரி, இந்தப் பொம்பள எங்கேருந்து நடந்து வர்றா? அவளுக்குன்னு யாரும் இல்லியா?"

தெரியவில்லை. மாதக்கணக்கில் விளையாடியும் எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்த எந்த அறிமுக வீடியோவும் அதைச் சொன்னதில்லை. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஆட்டத்தை நிறுத்திக் கண்ட்ரோலரைக் கீழே வைத்தேன். அப்போதுதான் தோன்றியது: இந்த உலகத்துக்குத் தமிழில் ஓர் அறிமுகம் வேண்டும். அதை நான்தான் செய்ய வேண்டும். உடனே செய்ய வேண்டும்.

விளையாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் 'ஓ, அதுவா' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள், மீதிப் பேர் நமக்கெதற்கு என்று திருப்பிவிடுவார்கள். தெரிய வேண்டியது இவ்வளவுதான். ஒரு பெரும் போர் நடந்து முடிந்துவிட்டது. யார் தொடங்கியது என்று உயிரோடிருக்கும் யாருக்கும் நினைவில்லை. அதற்குப் பிறகு வானத்திலிருந்து தண்ணீருக்குப் பதிலாகச் சாம்பல் கலந்த விஷ மழை பெய்கிறது. நீங்கள் நிலத்தடியில் ஒரு பதுங்கறையில் கண்விழிக்கிறீர்கள். உங்களிடம் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர் இருக்கிறது. வெளியே மூன்று வகை மனிதர்கள். கிணற்றுக்காரர்கள், ஊற்றுகளைக் காத்து ஊர் அமைத்தவர்கள். நடையர்கள், ஊருக்கு ஊர் பொருள் சுமப்பவர்கள். பட்டாளத்தார், போர் இன்னும் முடியவில்லை என்று நம்பிக் கொள்ளையடிப்பவர்கள். பட்டாளத்தார் நடையர் வேடத்திலும் வருவார்கள். சாம்பல் மழை கொட்டும்போது பீப்பாயில் தண்ணீர் இல்லையென்றால் கதை முடிந்தது. அதனால்தான் உலகம் முழுக்க எல்லா வழிகாட்டிகளும் ஒரே குரலில் சொல்கின்றன: யார் தட்டினாலும் திறக்காதே.

மறுநாள் காலை, கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்குப் போகும் வழியில் என் தோழியிடம் திட்டத்தைச் சொன்னேன்: ஆட்களை ஓரிடத்தில் கூட்டித் தமிழில் விளக்குவது. இருவரும் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் சிப்புகளைச் சோதிக்கிறோம். ஒரே காரில் போகிறோம். ஒரே விளையாட்டில் மாறி மாறிச் சாகிறோம்.

"தமிழ்லயா?" என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தாள். "ரேடியேஷனுக்கு நீ கதிர்வீச்சுன்னு சொல்லி, கதிர்வீச்சுன்னா என்னன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள எல்லாரும் செத்துருவாங்க லா."

"அப்ப நீ வராத."

"யாரு வரலன்னா? நீ அசிங்கப்படறத பாக்க முதல் சீட்டு எனக்குத்தான்."

இடம்தான் பெரிய கேள்வி. சுங்கை பட்டாணியில் எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து உட்கார்ந்து விளையாட ஓர் இடம் கிடையாது. பெண்கள் என்றால் சுத்தமாகக் கிடையாது. தனித்தனி வீட்டில், தனித்தனி அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நண்பர்களாக இருந்தோம். வழக்கமாக நாங்கள் சோறும் குழம்பும் சாப்பிடும் நாசி கண்டார் கடைக்கு மாடியில் ஓர் அறை உண்டு. கால்பந்து ஆட்ட நாட்களுக்காக மாட்டிய பெரிய திரை அங்கே சும்மா கிடந்தது. கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"என்ன கேம்? சுடறதா?"

"சுடறதும் இருக்குண்ணே. ஆனா இது, உலகம் அழிஞ்சதுக்கு அப்புறம் எப்படி வாழறதுங்கறது."

"அது சரி. என் கடைக்கு ஞாயித்துக்கிழம மத்தியானம் வந்து பாரு, தெரியும்." பிறகு மீசையைத் தடவி யோசித்தார். "ஒரே ஒரு சனிக்கிழம தரேன், தங்கச்சி. நாலு மணிக்கு ஆரம்பி, ஆறரைக்கு முடி. வந்த கூட்டம் கடைசி வரைக்கும் இருந்துச்சுன்னா வாரா வாரம் ரூம்பு ஒனக்கு. பாதியில எறங்கிப் போயிட்டாங்கன்னா நான் அரிசி மூட்ட அடுக்கப்போறேன். அப்புறம் அண்ணே நொண்ணேன்னு வரக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். ஆசையில் எதற்கும் ஒப்புக்கொள்கிற வயசு.

இரண்டு வாரம் உயிரைக் கொடுத்து ஸ்லைடுகள் செய்தேன். போரின் வரலாறு, ஊர்களின் வரலாறு, பட்டாளத்தாரின் கொடி ஏன் கிழிந்திருக்கிறது என்பதற்குத் தனி ஸ்லைடு. ஆயுதங்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் வைத்தேன். தோழி ஒவ்வொன்றையும் பார்த்து, "ம்ம்" என்றாள். அந்த 'ம்ம்' எனக்கு அன்றே புரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை கூட்டம் வந்தது. தொழிற்சாலைப் பெண்கள், அவர்களுடைய தம்பிகள், கல்லூரியில் படிக்கும் சிலர். பாதிக்கு மேல் செமிலிங் பக்கத்திலிருந்து ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். வேனை ஓட்டி வந்த அக்கா வார நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறவர். நல்ல உரத்த குரல். விளையாட்டென்றால் என்னவென்றே தெரியாது, கொண்டுவந்து விடத்தான் வந்தேன் என்று சொல்லி முன்வரிசையில் வேன் சாவியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்.

நான் போரின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தேன்.

கொடி ஸ்லைடுக்கு வருவதற்குள் அறை கைப்பேசி வெளிச்சத்தில் மிதந்தது. ஒருவன் கொட்டாவி விட, அது வரிசை வரிசையாகப் பரவியது. கீழே மீன் பொரிக்கிற வாசனை வேறு. பின்னாலிருந்து இரண்டு பேர் எழுந்து படியிறங்கினார்கள். தோழி சுவரில் சாய்ந்து, உதட்டை அசைத்து 'அரிசி மூட்டை' என்றாள். அப்போது வேன் அக்கா சாவியைக் கையில் எடுத்தார்.

"தம்பிங்களா, தங்கச்சிங்களா, கெளம்பறதுன்னா இப்பவே கெளம்பலாம். பாடம் நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு ரோட்டுல ஜாம் ஆயிரும்."

அவர் எழுந்தால் பாதி அறை எழும். ஸ்லைடுகளை மூடினேன். யோசிக்கவில்லை. விளையாட்டைத் திறந்து, கண்ட்ரோலரைக் கொண்டுபோய் அவர் கையில் சாவிக்குப் பதிலாக வைத்தேன்.

"அக்கா, ஒரே ஒரு ஆட்டம். இது உங்க வீடு. இது உங்க தண்ணி. இந்தப் பட்டன அமுக்கினா கதவு திறக்கும்."

"எனக்கெதுக்கும்மா..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இரும்புக் கதவு தட்டப்பட்டது. வெளியே லாந்தர் பிடித்த ஒரு கிழவர். திரையில் வசனம் ஆங்கிலத்தில் ஓடியது. நான் கிழவர் குரலில், இருமலோடு சொன்னேன்: "யம்மா... தூரத்துலேருந்து வரேன். குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருக்குமா?"

அறை சிரித்தது. கைப்பேசிகள் தாழ்ந்தன. அக்கா யோசிக்காமல் பட்டனை அமுக்கினார்.

"திறக்காதீங்கக்கா!" என்று விளையாடத் தெரிந்த ஒருவன் கத்தினான்.

"வாசல்ல வந்து தண்ணி கேக்கறாரு, மூஞ்சில கதவ சாத்தச் சொல்றியா? நல்லா வளத்திருக்காங்கடா ஒன்ன!"

கிழவருக்குக் கொடுத்தார். அடுத்து வந்த பெண்ணுக்குக் கொடுத்தார். அவள் பின்னால் வந்த கூட்டத்துக்கும் கொடுத்தார். பீப்பாயின் அளவு இறங்க இறங்க அறை இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. கடைசியாக வந்த ஆள், கொடுத்ததைக் குடித்துவிட்டு, பீப்பாயையே தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான்.

"டேய்! டேய், எங்கடா தூக்கிட்டுப் போற? பட்டன் எது, பட்டன் எது, அவன அடிக்கணும்!"

பட்டனை நான் காட்டுவதற்குள் சாம்பல் மழை தொடங்கியது. அக்கா செத்துப்போனார்.

பிறகு அறை அதிர்ந்தது. நாற்காலியைத் தட்டி, தோளில் அடித்துச் சிரித்தார்கள். படியிறங்கியவர்கள் கையில் தே தாரிக் தேநீர்க் கிளாசோடு ஓடி வந்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினார்.

"திரும்ப போடு. அந்தப் பீப்பாத் திருடன நான் பாக்கணும்."

இரண்டாவது ஆட்டம், அதே கிழவர். கதவு தட்டப்பட்டது. திறக்கலாமா கூடாதா என்று மறுபடியும் கூச்சல். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "மொதல்ல எந்த ஊருன்னு கேளுங்கக்கா!" என்றாள்.

"அதானே! ஊரு பேரு தெரியாம எப்படி?"

கெடாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிதாக ஒரு தமிழரைப் பார்த்தால் முதல் கேள்வி 'எந்த எஸ்டேட்டு?', அதாவது குடும்பம் எந்த ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது என்பது. டவுனில் பிறந்து டவுனிலேயே வளர்ந்தவர்களிடமும் அதையேதான் கேட்கிறோம். பதில் வந்ததும் அடுத்த கேள்வி, 'அங்க யாரு வீடு?' இரண்டு பதிலும் கிடைத்தால்தான் ஆள் ஆளாகிறான்.

விளையாட்டில் அப்படிக் கேட்கும் வசதி இருந்தது. கதவுத் துவாரம் வழியாகப் பேசும் வசனங்களில் கடைசி வரி. நேர விரயம், தாண்டிப் போங்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். நான் ஒருநாளும் அமுக்கியதில்லை. "அது சும்மாக்கா" என்றேன்.

"கேக்கறதுல என்னம்மா நஷ்டம்?"

அமுக்கினார். பழைய அணைக்கட்டிலிருந்து வருகிறேன் என்றார் கிழவர். வரைபடத்தின் இருட்டில் ஒரு புள்ளி மினுங்கியது. நான் வாயைப் பிளந்தேன். தோழி சுவரை விட்டு நிமிர்ந்தாள். அடுத்து வந்த பெண்ணும் அணைக்கட்டுதான். அங்கே யார் தலைவர் என்று கேட்கப் புதிய வரி ஒன்று முளைத்தது. கண் தெரியாத ஒரு கிணற்றுக்காரி என்றாள். இன்னொரு புள்ளி, இன்னொரு பாதை. ஒவ்வொரு பதிலும் என் ஸ்லைடுகளில் இருந்த வரலாற்றை துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டு போனது. இப்போது எல்லாரும் முன்னால் குனிந்து கேட்டார்கள். பெண் குரல்களைத் தோழி பிடுங்கிக்கொண்டாள். கிணற்றுக்காரியை அவள் பேசிய விதத்தில், எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளரின் சாயல் நன்றாகவே தெரிந்தது.

பிறகு அவன் வந்தான். நடையர் சட்டை, பணிவான பேச்சு. என் குரலிலேயே பணிவை ஊற்றினேன்: "அக்கா, நான் அணைக்கட்டு ஆளுதான்."

"அப்படியா தம்பி? அங்க யாரு தலைவரு?"

"பெரிய ஆம்பள ஒருத்தருக்கா. துப்பாக்கி வச்சிருப்பாரு."

அறை முழுக்க ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தது. அக்கா மெதுவாகத் துவாரத்தை மூடினார். "போய்ட்டு வாடா, பீப்பாத் திருடா!" கைதட்டல் படிக்கட்டில் இறங்கிக் கடைக்குள் போயிருக்க வேண்டும். ஆறரை ஆனதைச் சொல்லக் கடைக்காரர் மேலே வந்தார்.

"அண்ணே, உக்காருங்க, சாம்பல் மழை வருது!" என்று அக்கா திரும்பாமலே அதட்டினார்.

அவர் பதறிச் சன்னலைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். மழை கொட்டியது. பீப்பாய் பாதி இருந்தது. அக்கா தண்ணீர் கொடுத்து அனுப்பிய கிழவர் அணைக்கட்டு ஆட்களோடு திரும்பி வந்து கதவுக்கு வெளியே தகரம் அடித்து மறைத்தார். அப்படி ஒரு காட்சி இருப்பதே எனக்குத் தெரியாது. திரையில் விடிந்தபோது எல்லாரும் எழுந்து நின்றிருந்தோம்.

ஒருவரும் படியிறங்கியிருக்கவில்லை. ஆறரை எப்போதோ தாண்டியிருந்தது.

"தே எல்லாம் ஆறிப் போச்சு, எவனும் வாங்கல," என்று கடைக்காரர் முணுமுணுத்தார். "அடுத்த வாரம் நாற்காலி பத்தாது. நான் பாத்துக்கறேன். ஆனா அந்தக் கதவுகிட்ட முதல்ல நான்தான் உக்காருவேன், சொல்லிட்டேன்."

அறை எங்களுடையதாயிற்று. கீழே இறங்கும்போது தோழி என் தோளில் கையைப் போட்டு, "கதிர்வீச்சுன்னு ஒரு தடவகூட சொல்லல நீ" என்றாள். அவள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

இப்போது ஒரு பைத்தியக்கார வேலையில் இறங்கியிருக்கிறோம். இந்த விளையாட்டில் ஆடுகிறவர்கள் தாங்களே ஒரு நிலப்பகுதியை உருவாக்கிச் சேர்க்கலாம். அதற்கான கருவிகள் உள்ளேயே இருக்கின்றன. சனிக்கிழமைக் கூட்டம் கெடாவைச் சேர்க்கப்போகிறது. தோழி கூலிம் தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டாள், கூரைகள் எல்லாம் இடிந்து கிடக்க. வேன் அக்காவுக்குச் சாலைகள் அனைத்தும். எங்கே வளைவு, எங்கே மேடு என்று அவர் சொல்ல ஒருத்தி வரைகிறாள். கிணற்றுக்காரர்கள் ஜெராய் மலையில் ஏறிவிட்டார்கள் என்று வாக்கெடுத்து முடிவு செய்தோம். என் பங்கு மெர்போக் ஆற்றங்கரையின் சதுப்புக் காடு. சாம்பல் பட்ட தண்ணீரில் எந்த மரம் நிற்கும், எது விழும் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு படகை அமர்த்திக்கொண்டு, கேமராவோடு உள்ளே போய்ப் பார்க்கப்போகிறேன்.