ஓநாய் அல்ல, மேனேஜர்

முப்பத்தெட்டு நாவல்கள். அவற்றில் பத்தொன்பதில் எஜமானை நாய் காப்பாற்றுகிறது, பதினேழில் குதிரை காப்பாற்றுகிறது, மீதி இரண்டில் இரண்டும் கைகோத்துக்கொண்டு காப்பாற்றுகின்றன. எழுதியவரோ வாழ்நாளில் ஒரு நாயைத் தொட்டதில்லை. குதிரையைப் பார்த்தது காலண்டரில்.

அச்சகத்தில் அவருக்குக் ‘கடிவாளம்’ என்று பட்டப்பெயர். பன்னிரண்டாவது நாவலில் விஷம் தின்ற குதிரைக்கு நாயகன் உப்புத் தண்ணீர் புகட்டுவான். அது வாந்தியெடுத்துப் பிழைத்துக்கொள்ளும். “ஐயா, குதிரையால் வாந்தியெடுக்கவே முடியாது” என்று ஒரு கால்நடை மருத்துவர் தபால் அட்டை போட்டார். “என் குதிரை எடுக்கும்” என்று பதில் போனது. அதில் தபால்தலை ஒட்டியவள் அவர் மனைவி. தபால் நிலையக் கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள்.

அவள்தான் வாசல் கேட்டருகே ஒரு தெருநாய்க்கு மூன்று வருஷமாகச் சாப்பாடு வைத்தாள். போகிற வருகிற எல்லோரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் வழி விடும். அதனால் அதற்கு ‘மேனேஜர்’ என்று பெயர். அது குரைத்தால் இவருக்கு எழுத்து ஓடாது. என்ன எழுத்து? நாயின் விசுவாசத்தைப் பற்றிய எழுத்து.

ஒரு திங்கட்கிழமை நகராட்சியிலிருந்து போன் வந்தது. அவள் எடுத்தாள்.

“அம்மா, வியாழக்கிழமை வண்டி வருது. கூண்டு, வலை, மயக்க ஊசி எல்லாம் கொண்டுவர்றோம். ஓநாய் எவ்வளவு பெருசு இருக்கும்?”

“எந்த ஓநாய்?”

“சார் நாலு பக்கம் புகார் எழுதியிருக்காரே! கண்ணுல நெருப்பு, பல்லுல மரணம்னு. படிச்சுட்டு எங்க ஆளுங்க ரெண்டு பேர் லீவு போட்டுட்டாங்க.”

புகாரை எழுதச் சொன்னால் முப்பத்தொன்பதாவது நாவலை எழுதி வைத்திருக்கிறார் மனிதர். போனை வைத்துவிட்டு அவள் நேராக எழுத்து அறைக்குப் போனாள்.

“நாலு பக்கத்துல, அது வாலாட்டும்னு ஒரு வரி எழுதக்கூடாதா?”

“மிருகங்களோட சுபாவம் உனக்கென்னடி தெரியும்?” என்றார், தலை நிமிராமல். ஏட்டு நாய் காவலுக்கு உதவாது என்று சும்மாவா சொல்வது?

வண்டியில் ஏற்றிய நாய் எதுவும் திரும்பி வந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. இரண்டு நாள் கெஞ்சினாள். அவர் அசையவில்லை.

புதன்கிழமை பதிப்பாளர் புகைப்படக்காரரோடு வந்து இறங்கினார். எல்லா நாவல்களுக்கும் மறுபதிப்பு. அட்டையில் எழுத்தாளரும் நாயும் இருக்க வேண்டும்.

“வாசகர்கள் கேக்கறாங்க சார். நாயோட படம் இல்லாட்டி, மறுபதிப்பு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

கடிவாளத்துக்கு முகம் வெளுத்தது. பிஸ்கட்டோடு கேட்டுக்குப் போனார். மேனேஜர் ஒரு தடவை உறுமியது. அடுத்த நொடி அவர் வராந்தா நாற்காலிமேல் நின்றார்.

“சார், சிரிங்க. ஊசி போடப் போற மாதிரி நிக்காதீங்க,” என்றார் புகைப்படக்காரர்.

கடிவாளம் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். “நீ கூப்பிட்டா வரும்ல?”

“வரும். மொதல்ல புகாரை வாபஸ் வாங்குங்க.”

“சாயங்காலம் எழுதித் தர்றேன்.”

“இப்பவே. நான் சொல்றத மட்டும் எழுதணும். அலங்காரம் கிலங்காரம் ஒண்ணும் கூடாது.”

எழுதினார். ‘அது ஓநாய் அல்ல, நாய். யாரையும் கடித்ததில்லை. நான் பயந்துபோய் எழுதினேன்.’ மூன்றாவது வரியில் பேனா நின்றது.

“‘பயந்துபோய்’ வேண்டாம்டி. ‘தவறுதலாக’ன்னு போட்டுக்கலாமே?”

அவள் கேட்டைப் பார்த்துத் திரும்பினாள். “மேனேஜர், நீ கெளம்புடா.”

“சரி, சரி!” முப்பத்தெட்டு நாவல்களிலும் நாயைப் பற்றி இவ்வளவு உண்மையாக அவர் எழுதியதில்லை. அதை அவளே நகராட்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை குத்திய ரசீதும் கையுமாகத் திரும்பும்வரை, இரண்டு மணி நேரம், கேமரா காத்திருந்தது.

வியாழக்கிழமை வண்டி வரவில்லை. அட்டைப்படத்தில் நாய் அவர் முழங்காலருகே உட்கார்ந்து, படச்சட்டத்துக்கு வெளியே நிற்கும் அவளையே பார்க்கிறது. புத்தகங்கள் அடுத்த மாதம் கடைக்கு வருகின்றன. பன்னிரண்டாவது நாவலில் குதிரை இன்னும் வாந்தியெடுக்கிறது.