நீல மாத்திரையும் டப்பா சோதனையும்

ஆய்வுக்கூடத்துப் பாதுகாப்பு அதிகாரிக்கு ஊழியர்களின் மானத்தை வாங்குவதுதான் முழுநேர வேலை. உள்ளே யாரும் எதுவும் தின்றுவிடக் கூடாதென்று, வாசலிலேயே எல்லோருடைய டப்பாவையும் திறந்து பார்க்கச் சட்டம் போட்டவர் அவர். கடைசியில் கை கழுவாமல் பிஸ்கட் தின்று, கதிரியக்க சீசியத் தூசியை விழுங்கியதும் அவரேதான்.

டாக்டர் நீல மாத்திரை கொடுத்தார். அது சீசியத்தைக் குடலிலேயே பிடித்து, உடம்பில் சேரவிடாமல் மலத்தோடு வெளியே தள்ளும். எவ்வளவு வெளியேறியது என்று ஆய்வுக்கூடத்தில் அளக்க, மலத்தை டப்பாவில் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் காலை அதிகாரி பையை இடுக்கிக்கொண்டு நழுவப் பார்த்தார். வாசற்காவல் அக்கா மறித்தாள். பின்னால் வரிசையே எட்டிப் பார்த்தது.

"சட்டம் போட்டதே நீங்கதானே சார்? டப்பாவத் திறங்க."