அரூர் வீட்டுத் தரைக்குக் கீழே இருந்த குழி

என் மனைவி மேரி இடுப்பு வரைக்கும் தரைக்குள் போய்விட்டாள். தலையிலிருந்த ஜல்லிக்கூடை சுவரில் மோதிக் கொட்டியது. இரண்டு கைகளாலும் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தக்கூட இல்லை.

"ஏங்க, காலுக்கு அடியில ஒண்ணுமே இல்லீங்க."

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. நான் டைல்ஸ் மேஸ்திரி, மேரி என்னோடு சித்தாள் வேலை. அரூர் பக்கம் அந்தோணிசாமி என்ற விவசாயி, மகள் கல்யாணத்துக்காகப் பெங்களூரிலிருந்து செராமிக் டைல்ஸ் இறக்கியிருந்தார். எங்கள் பக்கம் அப்போது அது புதுசு.

"பழைய சிமெண்ட் தரை நல்லாத்தானுங்களே இருக்குது? அது மேலயே ஒட்டிடுங்க மேஸ்திரி," என்றார்.

நான் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். ஒரு மூலையில் மட்டும் சத்தம் பொள்ளென்று வந்தது. சிமெண்ட் பூச்சு கிளம்பியிருக்கிறது என்று நினைத்தேன். ஆடுகிற தரைமேல் டைல்ஸ் நிற்காது. பழசை உடைத்து, திமிசுக்கட்டையால் மண்ணை இடித்து இறுக்கி, செங்கல் ஜல்லி கான்கிரீட் போட்டு, அதன்மேல் டைல்ஸ் உட்காரச் சிமெண்ட் கலவை பெட் என்று முடிவு செய்தோம். உடைத்த மூலையில் மேரி கால் வைத்ததும்தான் மண் உள்வாங்கியது.

நான் ஓடினேன். என் காலடி மண்ணும் சரிந்தது. என் கடப்பாரை உள்ளே விழுந்தது. சாரப் பலகையைக் குழிக்குக் குறுக்கே தள்ளி, அதன்மேல் குப்புறப் படுத்து அவள் ஒரு கையைப் பிடித்தேன். அந்தோணிசாமி இன்னொரு கையைப் பிடித்தார். இழுத்துப் போட்டபோது அவள் முழங்கால் தோல் உரிந்திருந்தது.

"எங்க தாத்தா காலத்துல ராகி கொட்டி வைக்கிற குழி இருந்துச்சும்பாங்க. மண்ணப் போட்டுத் தூத்துட்டாங்கன்னு நெனச்சேன்," என்றார் அந்தோணிசாமி. பிறகு, "ஏணிய வுடுங்க, கடப்பாரைய எடுத்தாந்துடறேன்," என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். கொஞ்ச தூரத்திலேயே அணைந்தது. மேலே இழுத்து, மறுபடி ஏற்றி இறக்கினேன். மறுபடியும் அணைந்தது. உள்ளே மூச்சுக்குக் காற்றில்லை.

அந்தோணிசாமி ஏணியிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

"எறங்கியிருந்தா?" என்றார்.

நான் ஏணியைத் தூக்கி வெளியே கொண்டுபோய்ச் சாய்த்தேன்.

கடப்பாரையை அங்கேயே விட்டோம். கல்லும் கிராவல் மண்ணும் மேலிருந்தே கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கினோம். குழியைத் தாண்டிக் கெட்டி மண்வரை கம்பி கட்டி கான்கிரீட் போட்டோம். கல்யாணம் அந்தக் கான்கிரீட்மேல் ஜமக்காளம் விரித்துத்தான் நடந்தது. ஒரு மழைக்காலம் போய், தரை எங்கும் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்டினேன். நான் நடந்து காட்டும்வரை மேரி அந்த அறைக்குள் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்த பெட், எவ்வளவு கலவை என்பதை அப்புறம் யோசிக்கலாம். டைல்ஸ் உடைந்தால் வேறு ஒட்டிக்கொள்ளலாம். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாத தரையில் ஆளை நிற்க வைக்காதீர்கள்.