நாக்கில் சுருக்கென்னாத மாத்திரை

அரசாங்க மருத்துவமனையின் மருந்தகத்தில் எனக்கு வேலை. நாங்கள் வாங்கும் மருந்தைப் பற்றி யாராவது குறை சொன்னால் விசாரிப்பது என் பொறுப்பு. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்று மனைவி கேலி செய்வாள். வீட்டில் பாலைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பேன்.

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை அப்போது ஒரு புதிய கம்பெனியிடம் வாங்கத் தொடங்கியிருந்தோம். டெண்டரில் குறைந்த விலை சொன்னவர்கள் அவர்கள்தான். காகிதங்களில் ஒரு குறையும் இல்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஓர் அம்மா வந்து கவுன்டரில் சத்தம் போட்டார். கணவருக்கு நெஞ்சுவலி வந்து, மாத்திரை வைத்தும் வலி நிற்கவில்லையாம். ஆம்புலன்சில் கொண்டுபோய்த்தான் காப்பாற்றியிருக்கிறார்கள்.

“பழைய மாத்திரை வெச்சா நாக்கு சுருக்குனு இருக்கும்னு சொல்வாரு. இது சும்மா மாவு மாதிரி இருக்காம். மலிவா வாங்கிட்டு எங்க உயிரோட விளையாடுறீங்களா தம்பி?”

நான் நினைத்தது சரிதான் என்று உள்ளுக்குள் ஓர் அற்ப திருப்தி. அன்றே அந்த மாத்திரையைக் கொடுப்பதை நிறுத்தினேன். கிடங்கில் இருந்த புட்டிகளைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மருந்தில் கோளாறு இல்லை என்று பதில் வந்தது. நம்பாமல் வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அங்கும் அதே பதில். ஆய்வகக்காரர்களையும் கம்பெனி கைக்குள் போட்டுக்கொண்டதோ என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டேன்.

கடைசியில், அந்த அம்மாவிடம் மிச்சமிருந்த மாத்திரைகளை வாங்கிவர நானே வீட்டுக்குப் போனேன். கணவர் இளைத்துப்போய் சோபாவில் சாய்ந்திருந்தார். அம்மா சாமி அலமாரியைத் திறந்தார். முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை ஒட்டியிருந்த குங்குமச் சிமிழை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே மாத்திரைகள்.

“புட்டி எங்க ஆன்ட்டி?”

“தூக்கிப் போட்டுட்டேன். புது கம்பெனின்னாங்க, எனக்கு நம்பிக்கையே இல்ல. அதான் பிரிச்சு முருகன் காலடியில வெச்சேன்.”

சிமிழ் சுட்டது. பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் இறுக்கி மூடி வைக்க வேண்டிய மாத்திரை அது. சூடும் காற்றும் பட்டால் மாத்திரையில் இருக்கும் மருந்து ஆவியாகிப் பறந்துவிடும். என்னைப் போலவே சந்தேகப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

மாற்றுக்குக் கொண்டுபோன புட்டியை நீட்டி, “இத வேற எதுலயும் கொட்டக் கூடாது. சூடும் படக் கூடாது,” என்றேன். கணவர் எட்டி அதை வாங்கித் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அம்மா விளக்கைப் பார்த்தார். சிமிழைப் பார்த்தார். “அப்போ... நானா தம்பி?”

நான் பதில் சொல்வதற்குள் கணவர் குறுக்கிட்டார். “நீ ஒண்ணும் பண்ணல லா. மருந்துதான் சரியில்ல. தம்பி அதுக்குத்தானே வந்திருக்காரு?”

இருவரும் என்னையே பார்த்தார்கள். “ஆமா ஆன்ட்டி, மருந்துதான்,” என்றேன்.

மறுநாள் காலை அந்தக் கம்பெனி மாத்திரையை மறுபடியும் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா இன்றுவரை எங்கள் மருந்தை நம்புவதில்லை. நம்பவே வேண்டாம்.