மூளையா, மூலையா

கல்லூரியில் விலங்கியல் படித்த காலத்தில் எனக்கு எலிப் பைத்தியம். எழுபதுகளின் கடைசி. ஆய்வுக்கூடத்து வெள்ளை எலிகளைப் பற்றி வீட்டில் யார் காதிலும் ஓதாமல் விட்டதில்லை. அந்த நேரம் பார்த்து என் தங்கை வயதுக்கு வந்தாள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தவளைக் கூடத்து மூலையில் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். சடங்குக்காக அடி அண்ணாமலையிலிருந்து வந்த அத்தை, வந்த கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

“படிச்ச வரைக்கும் போதும்டா தம்பி. இனிமே பொண்ண டவுன் பஸ்ல அனுப்பாத.”

அக்கா சொன்னால் அப்பாவிடம் மறுசொல் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அத்தை, ஆம்பள எலியும்தான் வயசுக்கு வருது. அத யாராவது தடுக்கறாங்களா?”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஆம்பள வயசுக்கு வர்றானா! டேய், நீ எப்படா வந்த? யாருடா உனக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க?”

நம் பேச்சில் அந்தச் சொல்லே பெண்ணுக்குத்தான். ஆணுக்கு மீசை முளைக்கும், அதோடு சரி. நான் விடவில்லை. பொட்டை எலியின் மூளை நாலைந்து நாளுக்கொரு சுற்றாக உடம்புக்கு அலை அலையாகக் கட்டளை அனுப்பும், ஆண் எலியின் மூளை ஒரே சீராக அனுப்பும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். “ஆனா ரெண்டுக்கும் ஆரம்பம் மூளையிலதான் அத்தை!”

எங்கள் பக்கத்தில் ளகரத்துக்கும் லகரத்துக்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. அத்தை அப்பாவிடம் திரும்பினாள். “கேட்டியா? காலேஜுல எலியவே மூலையிலதான் உக்கார வெக்கறாங்களாம்!”

“மூலை இல்ல அத்தை, மூளை! மண்டைக்குள்ள இருக்கே...”

“அதத்தான்டா நானும் சொல்றேன், மூலை.”

தலையில் அடித்துக்கொண்டேன். அப்போது பாயிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

“ண்ணா, அப்புறம் அந்தப் பொட்டை எலிங்க என்ன பண்ணும்?”

“என்ன பண்ணும்? கூண்டுல பழையபடி ஓடிக்கிட்டுதான் இருக்கும்!” என்று எரிந்து விழுந்தேன்.

“கேட்டீங்களா அத்தை? பழையபடி” என்றாள் தங்கை.

அத்தை வெற்றிலையை மென்றபடி யோசித்தாள். “காலேஜுலயே அப்படின்னா சரி. தண்ணி ஊத்துனதும் அனுப்புடா தம்பி. லேடீஸ் சீட்டுலதான் உக்காரணும், ஆமா.”

அப்பா தலையாட்டினார். “அத்தை, அது மூளை...” என்று நான் மறுபடியும் ஆரம்பித்தேன். தங்கை முறைத்த முறைப்பில் ளகரம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

சடங்கு முடிந்ததும் அவள் பஸ் ஏறினாள். எலிகளைப் பற்றி எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.