குல்நெசா சிரித்த நாள்

சின்ன வயதில் ரொட்டி அடுப்பில் விழுந்து இரண்டு விரல் மடங்காமல் போன கையோடு, காயென் வட்டாரத்துக் குங்குமப்பூவிலிருந்து சிவப்பு நாரைப் பிரிக்கும் போட்டியில் முதல் பரிசுச் செம்பு அண்டாவை வென்றுவந்தவள் குல்நெசா. ஏழாம் மாதத்தில் பிறந்து, பிழைக்காது என்று மருத்துவச்சி துணியால் மூடிவிட்டுப் போன மகளைப் பஞ்சுக்குள் பொத்திவைத்து வளர்த்து ஆளாக்கியவள். அப்பா வேண்டாம் என்ற பராத்அலியையே கட்டிக்கொண்டு, மறு வருஷமே அந்த அப்பாவை அவன் வீட்டுப் பந்தியில் உட்காரவைத்தவள். கணவனின் அண்ணன்மார் மறித்துவைத்திருந்த சுரங்க வாய்க்கால் தண்ணீர் முறையை, ஆண்கள் மட்டுமே கூடும் ஊர்ச் சபையில் தனி ஆளாக நின்று பேசி மீட்டவள்.

இதெல்லாம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ஒரு குளிர்காலத்தில் அவள் வென்றதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதை முழுக்கப் பார்த்தவள் அவளுடைய அக்கா தூரான். பயந்து பயந்து பார்த்தவள்.

வசந்தத்தின் கடைசியில், காய்ச்சாத ஆட்டுப் பாலில் போட்ட பாலாடைக்கட்டியைத் தின்று குல்நெசாவுக்கு மால்டா காய்ச்சல் வந்தது. அந்தப் பக்கத்தில் ஆடு வைத்திருக்கும் வீட்டில் யாருக்காவது ஒருவருக்கு அது வந்துபோவதுதான். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், கோடை முடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் குல்நெசா திரும்பி வரவில்லை. உடம்பு எழுந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். சோறு வைத்தால் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தலை வாரிவிட்டால் வாரிய இடத்திலேயே இருப்பாள். "என்னடி பண்ணுது?" என்று கேட்டால், "ஒண்ணும் பண்ணலக்கா" என்பாள். அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும்.

பூப் பறிக்கும் பருவம் வந்தது. வெயில் ஏறினால் பூ வாடிவிடும் என்பதால் விடிவதற்கு முன்பே எல்லாரும் வயலில் இருக்க வேண்டும். தங்கையை வீட்டில் தனியாக விட தூரானுக்கு மனம் வரவில்லை. கம்பளியைப் போர்த்திக் கூட்டிப்போய் வரப்பில் உட்காரவைத்தாள். கூடை கூடையாகப் பூவைக் கொண்டுவந்து அவள் மடியருகில் கொட்டினாள். கை பழக்கத்திலாவது வேலை செய்யாதா என்று ஒரு நப்பாசை. வட்டாரத்திலேயே வேகமான கை அது. அந்தக் கை மடியில் கிடந்தது. பூக்கள் அவள் முன்னாலேயே சுருங்கி நீலம் பாய்ந்தன.

ஒரு விடிகாலை தூரான் நிமிர்ந்து பார்த்தபோது வரப்பில் கம்பளி மட்டும் கிடந்தது.

கூடையைக் கீழே போட்டாள். வயலைத் தாண்டி, நிலத்தடியில் ஓடும் சுரங்க வாய்க்காலுக்கு இறங்கும் ஆழக் குழிகள் வரிசையாக வாய் திறந்து கிடக்கும் மேட்டுக்கு ஓடினாள். மூன்றாவது குழியின் ஓரத்தில் குல்நெசா உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்திருந்தாள். தூரான் மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் போய் அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தாள்.

"இங்க என்னடி பண்ற?"

"உள்ளேருந்து காத்து வருதுக்கா. நல்லா இருக்கு."

அந்த ஜோடிச் செருப்பைத் தூரான் தன் கையாலேயே அவளுக்கு மாட்டிவிட்டாள். அன்றே பராத்அலியைக் கூட்டிக்கொண்டு, மளிகைக் கடை மஷ்தி ரமஸானின் வேனில் தங்கையைப் பீர்ஜந்த் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே மனநோய்ப் பிரிவில் டாக்டர் ஷாயெஸ்தே என்ற பெண் இருந்தாள். சின்ன வயதுதான். ஆனால் அவசரப்படாமல் கேட்டாள். குழி ஓரத்தைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குல்நெசாவைச் சில நாள் அங்கேயே தங்கவைத்தாள். மாத்திரை ஆரம்பித்தாள். ரத்தம் எடுத்தாள். ஒரு மாதம் கழித்து, மாத்திரையால் கால்வாசிதான் முன்னேற்றம் என்றானபோது, வேறொன்றைச் சொன்னாள்.

"காய்ச்சல் போயிடுச்சும்மா. ஆனா ரத்தத்தைப் பாத்தா உடம்பு இன்னும் சண்டைக்கு நிக்குது. அடுப்பை அணைச்ச பிறகும் சாம்பலுக்குள்ள தணல் கிடக்கும் பாருங்க, அப்படி. சிலருக்கு அந்தச் சூடு மூளை வரைக்கும் போய் மனசை அமுக்குதுன்னு நெனைக்கிறோம். சில செடிகள்ல இருக்கிற சத்துக்கு அந்தத் தணலைத் தணிக்கிற குணம் இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். அதைத்தான் இங்க சோதிக்கிறோம். மாத்திரையும் நிக்காது. கூட ஒரு குளிகை."

"எந்தச் செடி?" என்று பராத்அலி கேட்டான்.

"உங்க வயல்ல இருக்கிறதுதான். குங்குமப்பூ."

தூரான் தங்கையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வெளியூர்க்காரருக்கு அது வாசனைப் பொருள். பயிரிடுகிறவர்களுக்கு அது எமன். சோற்றுப் பானைக்கு நாலு நாருக்கு மேல் போடமாட்டார்கள். அளவு மீறினால் சிரிப்பு வரும், சிரிப்பு நிற்காது, சிரித்துச் சிரித்தே உயிர் போகும். குங்குமப்பூ மூட்டைகளின் மேல் படுத்துத் தூங்கிய ஒட்டகக்காரன் ஒருவன் மறுநாள் பல்லைக் காட்டியபடி விறைத்துக் கிடந்த கதையைக் கேட்காமல் அந்த ஊரில் யாரும் வளர்ந்ததில்லை.

டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "அள்ளித் தின்னா ஆபத்துதான், பொய்யில்ல. நாங்க கொடுக்கிறது கொஞ்சம். இன்னொண்ணு, பாதிப் பேருக்குக் குளிகைக்குள்ள பூ, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. நீங்களும் பிரிச்சு மோந்து பாக்கக் கூடாது."

குல்நெசாவிடம் கேட்டபோது, "சரி" என்றாள். எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். தூரான் அவள் கையைத் தூக்கி மையில் தொட்டுப் பெருவிரலைக் காகிதத்தில் வைத்து அழுத்தினாள். மூத்தவள் என்று தன் பெருவிரலையும் பதித்தாள். வீடு திரும்புகிற வழியெல்லாம், மாவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

ஊரில் விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மஷ்தி ரமஸான் கடையில் உட்கார்ந்தபடியே கத்தினான். "குங்குமப்பூ தின்னா கவலை போயிருமாமே! நம்ம ஆடுங்க வருஷா வருஷம் அந்த இலையைத்தான் மேயுது. ஒண்ணாவது சிரிச்சுப் பாத்திருக்கியா தூரான்?"

"உன் மூஞ்சியப் பாத்தா எந்த ஆடு சிரிக்கும் மஷ்தி?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பனி விழுந்தது. தினமும் காலையிலும் மாலையிலும் தூரான் குளிகையை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தங்கையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு வாரத்தில் குல்நெசா தானே தலை வாரிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நாளில், "உப்பு குறைச்சல்" என்று சாப்பாட்டில் குற்றம் சொன்னாள். யாராயிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். தூரானுக்கு ஒவ்வொன்றும் ஒரு படி இறங்குவதுபோல இருந்தது. மாவு இப்படிச் செய்யாது. அப்படியானால் உள்ளே போவது பூதான்.

குளிர் உச்சத்தில் இருக்கும் பஹ்மன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தூரான் தன் முற்றத்தில் பனியை வாரிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. விட்டு விட்டு இல்லை. மூச்சு வாங்க, கிறீச்சிட்டு, அடங்குவதுபோல அடங்கி மறுபடியும் எழும் சிரிப்பு.

வாருகோல் கையிலிருந்து விழுந்தது. வெறுங்காலோடு பனியில் ஓடினாள்.

குல்நெசா சாப்பாட்டு விரிப்பின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள். கண்ணில் தண்ணீர் தாரையாக ஓடியது. பராத்அலி கையில் கிண்ணத்தோடு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

"வந்துருச்சு! பாத்துக்கிட்டு நிக்கிறியே பாவி, மோரைக் கொண்டா, புளிச்ச மோரு!"

பூவின் விஷத்துக்குப் புளிப்புதான் முறிவு என்று ஊரில் சொல்வார்கள். தூரான் தங்கையின் தலையை மடியில் போட்டுச் சட்டியோடு மோரை ஊற்றினாள். குல்நெசாவுக்கு மேலும் சிரிப்பு வந்து மோர் மூக்கு வழியாகத் தெறித்தது. தூரான் வாய்விட்டு அழுதாள்.

"அக்கா... விடுக்கா... மனுஷன் சூப்புல... உப்புக்குப் பதிலா..."

"பேசாதடி, மூச்சை அடக்கு!"

வேனில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் தங்கையின் வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். பிறகு அந்த வயிறு குலுங்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தூரானுக்கு உயிர் போய் வந்தது. மஷ்தி ரமஸான் வழியில் எங்கும் நிறுத்தாமல் வண்டியை விரட்டினான்.

டாக்டர் ஷாயெஸ்தே கேலி செய்யவில்லை. நாடி பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். தூக்கம் குறைந்திருக்கிறதா, படபடவென்று பேசுகிறாளா, காரணமில்லாமல் சிரித்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். திடீரென்று எல்லை மீறிய சந்தோஷம் வருவதும் ஒரு கோளாறாக இருக்கலாம், கூட்டி வந்தது சரிதான் என்றாள். பிறகு குல்நெசாவிடம், "எதுக்குச் சிரிச்சீங்க?" என்றாள்.

"இவர் சூப்புல உப்புக்குப் பதிலா சர்க்கரையப் போட்டுட்டாரு டாக்டர். போட்டுட்டு, நான் ஏதாவது சொல்லிருவேன்னு பயந்து, கிண்ணம் முழுக்கக் குடிச்சுட்டு, 'இன்னைக்கு ருசியா இருக்குல்ல'ங்கறாரு. அந்த மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்."

பராத்அலி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "சிரிக்கட்டும் டாக்டர். தினம் சர்க்கரையே போடறேன்."

தூரானின் பயம் தீரவில்லை. "போதும். அந்தக் காயிதத்துல நான் வச்ச பெருவிரலை எடுத்துக்கறேன். இனிமே ஒரு குளிகை அவ வாயில போகக் கூடாது. எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி."

"எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம்மா. ஆனா அதை அவங்கதான் சொல்லணும்."

எல்லாரும் குல்நெசாவைப் பார்த்தார்கள். அவள் அக்காவின் பனியில் சிவந்த வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் செருப்பைக் கழற்றி அந்தக் காலருகே தள்ளினாள்.

"போட்டுக்கோக்கா. உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. எனக்கும் பயந்தான். இத்தனை நாள் எதுக்குமே பயம் வரல, அந்தக் குழி ஓரத்துல உக்காந்தப்பக்கூட. இப்ப அதை நெனைச்சா உடம்பு நடுங்குது. நடுங்கறதே நல்லா இருக்கு. இந்தக் குளிகைக்கு இருக்கிற மிச்ச நாளையும் முடிச்சுடறேன்."

தூரான் காலை நுழைத்தாள். செருப்பில் தங்கையின் சூடு இருந்தது.

அந்தக் குளிகைக்குள் இருந்தது பூவா மாவா என்று சோதனை முடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் சொல்வதாகச் சொன்னார்கள். தூரான் கேட்கப் போகவில்லை.

அன்று டாக்டர், சோதனையைத் தொடர்வதற்கான காகிதத்தை எடுத்து, பழக்கத்தில் மைப்பெட்டியையும் பக்கத்தில் திறந்து வைத்தாள். குல்நெசா மைப்பெட்டியை மூடினாள். அவளுக்கும் எழுதத் தெரியும், முன்பொரு குளிர்காலம் முதியோர் பள்ளிக்குப் போய்க் கற்ற எழுத்து. ரொட்டி மாவின் மேல் விரலால் எழுதிப் பார்த்து அழித்திருக்கிறாளே தவிர, நாலு பேர் பார்க்கக் காகிதத்தில் எழுதியதில்லை. மடங்காத இரண்டு விரலுக்கு நடுவில் பேனாவைச் செருகிக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை முழுதாக எழுதினாள். அதன் கீழே, அக்காவிடம் கேட்டு, அவர்கள் ஊர் ஆண்டுக் கணக்கில் தேதியையும் அவளே போட்டாள்: 1391, பஹ்மன் 17.